பின்பாரம் ஏறிய ட்ரெய்லர்: உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வசிக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன். வார நாட்களில் கிடங்கு வேலை. கோடை வந்தால் கோயில் தேர், பழைய மாணவர் சங்கங்களின் விளையாட்டு விழா என்று சனி ஞாயிறுகளில் குடும்பமாகக் கொத்து ரொட்டிக் கடை போடுகிறார்கள். இந்த வருடம் பழைய மூடு ட்ரெய்லர் ஒன்றை வாங்கினார். ஒற்றை அச்சு, பிரேக் உள்ளது, தகட்டில் உச்ச எடை 1,300 கிலோ. இழுப்பது ஐந்து கதவுப் பெட்ரோல் கார்.

ஜூலையில் ஒரு ஞாயிறு காலை M1 மோட்டர்வேயில் லண்டன் நோக்கிப் போகும்போது, ஓர் இறக்கத்தில் கோச் பஸ் ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறது. அடுத்த கணமே ட்ரெய்லர் ஆடத் தொடங்கியது. "மனைவி பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தா. இடப்பக்கக் கண்ணாடியில் பெட்டி முழுசாகத் தெரிந்ததாம், பிறகு காணாமல் போனதாம், திரும்பவும் முழுசாகத் தெரிந்ததாம்" என்று எழுதுகிறார். ஆடினால் அக்ஸிலரேட்டரை மிதி, இழுபட்டு நேராகிவிடும் என்று மச்சான் சொல்லியிருந்தாராம். இவரும் மிதித்தார். ஆட்டம் கூடியது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். மனைவி கத்திய பிறகுதான் காலை எடுத்திருக்கிறார். வண்டி மெல்ல அடங்கியது. அன்றிலிருந்து மனைவி ட்ரெய்லரை விற்கச் சொல்கிறார். கார் லைசன்ஸே போதும் என்று முதலில் சொன்ன மச்சானோ, இப்போது கார்தான் சின்னது, கடன் போட்டுப் பெரிய ஜீப் மாதிரி ஒன்றை எடு என்கிறார். லைசன்ஸ் போதுமா, தவறு கோச் பஸ்ஸின் காற்றிலா காரிலா தன்னிடமா, காப்புறுதி செல்லுமா, காரை மாற்ற வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்பின் வாசகருக்கு,

முதலில், நீங்கள் நால்வரும் வீடு வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய ஆறுதல். நீங்கள் விவரித்த அந்த ஆட்டம் இன்னும் சில விநாடி நீடித்திருந்தால் ட்ரெய்லர் குடை சாய்ந்திருக்கும், காரையும் சேர்த்துப் புரட்டியிருக்கும். கார் பழக்குவதும் ட்ரெய்லர் இழுக்கப் பழக்குவதும்தான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் மனைவி தேவையில்லாமல் பயப்படவில்லை. அவர் கண்ணாடியில் கண்டது உண்மையான ஆபத்து. ஆனால் அதற்கு மருந்து ட்ரெய்லரை விற்பதுமல்ல, கார் மாற்றுவதுமல்ல. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது.

"சாமான் ஏற்றி முடிந்ததும் காரின் பின்பக்கம் ஓர் அங்குலம் எழும்பி நின்றது. காருக்குப் பாரம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்."

முன்பாரம், பின்பாரம்

உங்கள் அப்பாவோ தாத்தாவோ மாட்டு வண்டி ஓட்டியவராக இருந்தால் அந்த வரியைக் கேட்டதுமே திடுக்கிட்டிருப்பார். வண்டியில் நெல் மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பாரம் எவ்வளவு, பின்பாரம் எவ்வளவு என்று பார்த்துத்தான் அடுக்குவார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் நுகம் கழுத்தை அழுத்தும். இரண்டுக்கும் நடுவில், நுகம் கழுத்தில் இலேசாக அமர்ந்திருக்கும் பதம் ஒன்று உண்டு. ட்ரெய்லருக்கும் அச்சு அசலாக இதே கணக்குதான். நுகம் இருந்த இடத்தில் இப்போது காரின் பின்னால் பூட்டிய டோ பாரின் இரும்புப் பந்து, மாடு இருந்த இடத்தில் உங்கள் கார்.

ஜெனரேட்டரையும் கொத்துப் போடும் இரும்புத் தட்டையும் முதலில் இறக்க வேண்டும் என்பதற்காகப் பின்கதவை ஒட்டி வைத்ததாக எழுதுகிறீர்கள். நீங்கள் கொடுத்த எடைப்படி இரண்டும் சேர்ந்து 200 கிலோ. அவை அச்சுக்குப் பின்னால் ஏறத்தாழ 1.2 மீட்டரில் இருந்தன. அச்சிலிருந்து பந்து வரை 2.5 மீட்டர். 200 ஐ 1.2 ஆல் பெருக்கி 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள்: 96. பந்தின் மேல் இருக்க வேண்டிய பாரத்தில் 96 கிலோவை அந்த இரண்டு சாமான்களே தூக்கிவிட்டன. முன்பக்கம் வைத்ததோ மடக்கு மேசைகளும் கூடாரத் துணியும். ஆகவே ட்ரெய்லர் உங்கள் காரின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தவில்லை, மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பின்டயர்கள் ரோட்டைப் பிடிக்கும் பிடி குறைந்த நிலையில் மோட்டர்வேயில் ஏறியிருக்கிறீர்கள்.

கோச் பஸ்ஸின் காற்று ஆட்டத்தைத் தொடக்கிவைத்தது, அவ்வளவுதான். பெரிய வாகனம் தாண்டும்போது எந்த ட்ரெய்லரும் ஒரு தடவை அசையும். பாரம் சரியாக இருந்தால் அந்த அசைவு தானாக அடங்கும். பின்பாரம் இருந்தால் ஒவ்வொரு வீச்சும் அடுத்த வீச்சுக்கு உந்து கொடுக்கும், ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி. வேகம் கூடினால் அடங்கும் தன்மை இன்னும் குறையும். இறக்கத்தில் ட்ரெய்லர் காரைத் தள்ளத் தொடங்குவதால் நிலைமை மோசமாகும். உங்களுக்கு மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

இதை வகுப்பில் வாயால் மட்டும் சொல்லி விடுவதில்லை. உடற்பயிற்சிக்கு ஓடும் பட்டை இயந்திரத்தில் ஒரு பொம்மைக் காரையும் பொம்மை ட்ரெய்லரையும் ஓட விடுவேன். ட்ரெய்லரின் முன்பாதியில் ஓர் இரும்புத் துண்டை வைத்து விரலால் பக்கவாட்டில் தட்டினால், அது ஒரு முறை அசைந்து நேராகிவிடும். அதே துண்டைப் பின்னால் நகர்த்தி, அதே வேகத்தில், அதே மாதிரித் தட்டினால் நாலைந்து வீச்சில் காரும் ட்ரெய்லரும் பட்டையை விட்டுக் கீழே விழும். வருகிறவர்கள் அதற்குப் பிறகு பாரத்தைப் பற்றி என்னிடம் வாதாடுவதில்லை.

மச்சான் சொன்னதில் எது சரி, எது தவறு

லைசன்ஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரி. 1997 ஜனவரி 1 முதல் கார் சோதனையில் தேறியவர்கள் கனமான ட்ரெய்லர் இழுக்கத் தனிச் சோதனையிலும் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் அந்தச் சோதனை நீக்கப்பட்டுவிட்டது. சாதாரண கார் லைசன்ஸிலேயே 3,500 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம். நீங்கள் 2009-இல் தேறியவர் என்பதால் உங்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் அந்த 3,500 உங்கள் லைசன்ஸின் எல்லை. உங்கள் காருக்கு வேறு எல்லை இருக்கிறது. லைசன்ஸ் இருக்கிறது, ஆகவே இழுக்கலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்கள் மச்சானும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

ஆட்டம் வந்தால் வேகம் கூட்டச் சொன்னது மிக ஆபத்தான யோசனை. இதைச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ட்ரெய்லர் ஆடுவதற்கே வேகம் ஒரு காரணம் என்றால் வேகத்தைக் கூட்டி அதை எப்படி நிறுத்துவது? பிரிட்டனின் ரோட்டு விதிப் புத்தகமான ஹைவே கோடின் 98-ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது: காலை அக்ஸிலரேட்டரிலிருந்து மெல்ல எடுங்கள், வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பப் போனால் உங்கள் கை எப்போதும் அரை விநாடி பிந்தித்தான் திரும்பும். அது ஆட்டத்துக்கு உதவுமே தவிர அடக்காது. பிரேக்கையும் ஓங்கி மிதிக்கக் கூடாது. மனைவி கத்தியதும் காலை எடுத்தீர்கள் அல்லவா, அன்று உங்களைக் காப்பாற்றியது அதுதான்.

அப்புறம், யூடியூபில் பார்த்ததாக நீங்கள் எழுதிய அமெரிக்கக் கணக்கு. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லும் முறை. இங்கே வழக்கில் இருப்பது ஏறத்தாழ 4 முதல் 7 சதவீதம். 1,000 கிலோ ட்ரெய்லருக்கு அமெரிக்கக் கணக்கைப் பின்பற்றினால் 100 முதல் 150 கிலோ வரும். உங்கள் கார்க் கையேடு அனுமதிப்பதோ 75 கிலோ. காரின் கையேடு, டோ பாரில் உள்ள தகடு, பந்தைக் கவ்வும் ட்ரெய்லர் மூக்கான கப்ளிங் மூன்றிலும் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

கார் சின்னதா?

நீங்கள் அனுப்பிய கதவோரத் தகட்டின் படம் இங்கே உதவியது. அதில் நான்கு எண்கள் இருக்கின்றன. முதலாவது, கார் முழுச் சுமையோடு இருக்கக்கூடிய உச்ச எடை: 1,850. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை: 2,950. மற்ற இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 1,100. கார் நிறைய ஆளும் சாமானும் இருக்கும்போது நீங்கள் இழுக்கக்கூடியது அவ்வளவுதான். சில கார்களின் தகட்டில் இந்த இரண்டாவது எண் இருக்காது. அப்படியானால் அந்தக் காரை இழுப்பதற்கே தயாரிக்கவில்லை என்று பொருள்.

உங்கள் ட்ரெய்லரின் தகட்டில் 1,300 என்று இருப்பதால் அதை இழுப்பதே சட்ட விரோதம் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். அப்படி இல்லை. ட்ரெய்லர் தாங்கக்கூடியது 1,300. ரோட்டில் பார்ப்பது அன்றைக்கு அது உண்மையில் எவ்வளவு எடையோடு போகிறது என்பதைத்தான். உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். வெறும் ட்ரெய்லர் 420, ஜெனரேட்டர் 90, தட்டும் அதன் ஸ்டாண்டும் 110, இரண்டு காஸ் சிலிண்டர் 80, தண்ணீர் 100, ரொட்டியும் இறைச்சியும் ஐஸ் பெட்டிகளும் 150, மேசையும் கூடாரமும் 120. மொத்தம் 1,070 கிலோ.

அதாவது எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள், மிக ஒட்டினாற்போல. ட்ரெய்லரின் எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று புதிதாக இழுப்பவர்களுக்கு இங்கே சொல்வார்கள். இது சட்டமல்ல, பழகியவர்களின் அறிவுரை. உங்கள் காருக்கு அது 1,105. அதற்குள்ளும் வந்துவிடுகிறது. ஆகவே கடன் போட்டுக் கார் வாங்க வேண்டாம். பெரிய கார் இருந்து இதே மாதிரிப் பின்பாரம் ஏற்றியிருந்தால் அதுவும் ஆடியிருக்கும், இன்னும் சற்றுக் கூடிய வேகத்தில்.

ஆனால் இவை எல்லாம் வீட்டில் உத்தேசமாகப் போட்ட எடைகள். ஒரு சனிக்கிழமை முழுச் சாமானோடு பொது எடைமேடைக்குப் போய் நிறுத்துப் பாருங்கள். சிறு கட்டணம்தான். தண்ணீரை மட்டுமாவது விழா நடக்கும் இடத்தில் நிரப்ப முடிந்தால் 100 கிலோ அப்படியே குறையும்.

இனி எப்படி ஏற்றுவது

கனமானவை அச்சுக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும், தரையோடு ஒட்டி. ஜெனரேட்டரும் தட்டும் அங்கே வர வேண்டும். மேசை, துணி, தட்டுமுட்டுச் சாமான் பின்னால் போகட்டும். அப்போது விழாவில் முதலில் மேசையை இறக்கிவிட்டுத்தான் ஜெனரேட்டரை எடுக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் கூடும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அன்று இவ்வளவும் நடந்தது. சிலிண்டர்களை வால்வை மூடி, நிமிர்த்தி, பட்டியால் கட்டுங்கள். ஓடும்போது எதுவும் நகரக் கூடாது. சரியாக அடுக்கிய பாரம் ஒரு பிரேக்கில் இடம் மாறினால் அடுக்கியதற்குப் பயனில்லை.

பிறகு பந்தின் மேல் விழும் பாரத்தை அளந்து பாருங்கள். கருவி வாங்க வேண்டியதில்லை, குளியலறை எடைத் தராசு போதும். சமதளத்தில் ட்ரெய்லரை நிறுத்திச் சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். கப்ளிங் காரில் மாட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரம் வருமாறு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, அதன் தலையில் கப்ளிங்கை இறக்குங்கள். மூக்கைத் தாங்கும் சிறு ஜாக்கி சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். தராசு 50-க்கும் 70-க்கும் நடுவில் காட்டினால் உங்கள் ட்ரெய்லருக்கு நல்ல பதம். குறைந்தால் கனமான ஒன்றை ஒரு சாண் முன்னால் தள்ளி மறுபடி பாருங்கள். ஜெனரேட்டர் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்ததும் தரையில் வண்ண டேப்பால் குறி போட்டுவிடுங்கள். அடுத்த முறை யார் ஏற்றினாலும் இடம் மாறாது.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை

2014-இல் பிரிஸ்டலில் ஒரு வாகனத்திலிருந்து கழன்ற ட்ரெய்லர் நடைபாதையில் ஏறி, தாயோடு நடந்துபோன மூன்று வயதுக் குழந்தையைக் கொன்றது. கப்ளிங் சரியாகப் பூட்டியிருக்கவில்லை. மாட்டும்போது செலவிடும் ஒரு நிமிடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தையின் நினைவு வரும்.

கப்ளிங் பந்தில் உட்கார்ந்து பூட்டியதும் ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி ட்ரெய்லரின் மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டியிருக்கிறது. பிறகு சக்கரத்தை முழுவதும் மேலே ஏற்றி இறுக்குங்கள். பிரேக்அவே கேபிளை டோ பாரில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். ட்ரெய்லர் கழன்றாலும் அந்தக் கேபிள் இழுபட்டு ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடித்துவிடும். விளக்குகளைப் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஒட்ட வேண்டியது உங்கள் காரின் எண். கண்ணாடியில் ட்ரெய்லரின் இரு பக்கமும் பின்னால் வரும் ரோடும் தெரியாவிட்டால் நீட்டுக் கண்ணாடி போட வேண்டும். போடாமல் ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதமும் லைசன்ஸில் 3 தண்டப் புள்ளியும் வரலாம்.

டயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "டயர் புதுசு போலவே இருக்கிறது, பூ தேயவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரத்தில் 2314 என்று இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர் அது. ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்று வெயில் காய்ந்து வெடிக்கிறது. பக்கச் சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள், மயிரிழை விரிசல்கள் தெரியும். இரண்டையும் மாற்றுங்கள். இது யோசிக்க வேண்டிய செலவல்ல.

காருக்கு வருடாவருடம் எம்ஓடி என்ற தகுதிச் சோதனை இருக்கிறது. இந்த அளவு ட்ரெய்லருக்கு அப்படிக் கட்டாயச் சோதனை எதுவும் கிடையாது. பிரேக், பேரிங், விளக்கு எதையும் உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. மழைக்காலம் முழுக்க நின்ற ட்ரெய்லரின் பிரேக் துருப்பிடித்து இறுகியிருக்கும். வருடம் ஒரு முறை சர்வீஸ் செய்விப்பது நல்லது.

சட்டமும் காப்புறுதியும்

ட்ரெய்லரோடு உங்கள் வேக எல்லை, எதிரும் புதிருமான சாதாரண ரோட்டில் மணிக்கு 50 மைல், நடுவில் பிரிப்புள்ள இரட்டைப் பாதையிலும் மோட்டர்வேயிலும் 60. பலகையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. நீங்கள் அன்று 65-இல் போயிருக்கிறீர்கள், அது குற்றம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாதைகள் உள்ள மோட்டர்வேயில் வலது ஓரப் பாதைக்கே போகக் கூடாது. என் சொந்த அறிவுரை, முதல் சில மாதம் 55-ஐத் தாண்ட வேண்டாம்.

எடை எல்லைக்குள் இருந்தால் போலீஸ் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்திருக்கிறீர்கள். 1988-ஆம் ஆண்டு ரோட் ட்ராஃபிக் சட்டத்தின் 40ஏ பிரிவு எடையை மட்டும் பார்ப்பதில்லை. சுமை வைத்திருக்கும் இடமும் அது பரவியிருக்கும் விதமும் கட்டிய முறையும் ஆபத்து விளைவிக்கக் கூடியதாக இருந்தாலே குற்றம். காருக்கு 2,500 பவுண்ட் வரை அபராதமும் புள்ளியும் உண்டு. ஜூலையில் நீங்கள் ஏற்றியிருந்த விதம் அதற்குள் வரும்.

காப்புறுதியில்தான் உங்கள் நிலை பலவீனமாக இருக்கிறது. மாட்டியிருக்கும் ட்ரெய்லரால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்குப் பொதுவாகக் காரின் காப்புறுதியே பொறுப்பேற்கும். ட்ரெய்லருக்கும் அதிலுள்ள சாமானுக்கும் வரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. அதைவிட முக்கியம், உங்கள் காப்புறுதிப் பத்திரம் வீட்டுத் தேவைக்கும் வேலைக்குப் போய் வருவதற்கும் மட்டுமானது. கடைக்குச் சாமான் கொண்டுபோவது வியாபாரப் பாவனை. கம்பெனியைக் கூப்பிட்டு, டோ பார் பூட்டியதையும் கடை போடுவதையும் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னால் பிரீமியம் கூடும் என்ற பயம் புரிகிறது. சொல்லாமல் ஒரு விபத்து நடந்தால் வீட்டையே தொடும்.

உங்கள் மனைவிக்கு

கடிதத்தின் கடைசியில் அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இனி பிள்ளைகளை இந்தக் காரில் ஏற்றலாமா?"

அம்மா, இப்போதைக்கு வேண்டாம். டயர் மாற்றி, எடை நிறுத்து, தராசில் மூக்கின் பாரத்தை நீங்களே கண்ணால் பார்த்த பிறகு, முதல் முறை நீங்கள் இருவர் மட்டும் போங்கள். ஞாயிறு காலையில் வெறுமையான கார் நிறுத்துமிடம் ஒன்றில் வளைப்பது, பின்னுக்கு எடுப்பது, நிறுத்துவது எல்லாம் ஒரு மணி நேரம் பழகட்டும். அடுத்த வாரம் அரைச் சுமையோடு பக்கத்து ஊருக்கு. அதற்கடுத்தது முழுச் சுமையோடு மோட்டர்வேயில் இரண்டு எக்ஸிட் தூரம், 50-இல். தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவரோடு அரை நாள் செலவிட்டால் இன்னும் நல்லது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். லாரியோ பஸ்ஸோ தாண்டும்போது பெட்டி ஒரு தரம் இலேசாக அசைந்து அப்படியே நின்றுவிட வேண்டும். இரண்டாவது தரம் அசைந்தால் "காலை எடுங்கோ" என்று சொல்லுங்கள், அடுத்த எக்ஸிட்டில் இறங்கிப் பாரத்தைத் திரும்ப அடுக்குங்கள். அப்படி மூன்று பயணம் அசையாமல் முடிந்தால், நான்காவதில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளுங்கள்.